பானெட்டின் இடது மூலை

நம் கார் பிலிம் கடைக்காரர்கள் சங்கத்தின் போன மாதக் கூட்டத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினீர்கள். கேள்வி நேரத்தில், பொத்தேரியில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "சார், வீடியோ பாத்து வீட்டுலயே பிலிம் ஒட்டி, சொதப்பினதுக்கு அப்புறம் நம்மகிட்ட கொண்டு வர்றாங்க. அந்த வண்டியத் தொடலாமா, வேணாமா?"

நான் ஏதோ ஒரு பதில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து அதே நினைப்பு. யாராவது ஒருவர் நான் சொன்னதை நம்பி ஒரு வண்டியில் கை வைத்துவிட்டால்? அதனால் எழுதிவிடுகிறேன்.

என் தொழில் கார் கண்ணாடிக்கு வெயில் பிலிம் ஒட்டுவது. இன்று நீங்கள் பெயிண்டின் மேல் ஒட்டுகிற தெளிவான பிலிமை என் வாழ்நாளில் முதல்முறை பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது மேற்குத் தாம்பரத்தில் கடை திறந்து ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் நூற்றுப்பன்னிரண்டு வண்டிகள் முடித்திருந்தேன். குமிழி வந்துவிட்டது என்று திரும்பி வந்தவை நான்கு. அந்த தைரியத்தில் பலகையில் என் பெயருக்குக் கீழே 'கார் பிலிம் நிபுணர்' என்று எழுத வைத்திருந்தேன்.

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, நீலநிறச் சின்னக் கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. புது வண்டி. பானெட் முழுவதையும் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கட்டியிருந்தார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த மாதிரி இருந்தது. ஓட்டி வந்தவர் பார்த்திபன். இருபத்தெட்டு வயது. பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் வீடு. திருமுடிவாக்கத்தில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர்.

விரிப்பை எடுத்தார். நான் எண்ணினேன். குமிழிகள் அறுபத்து மூன்று. மடிப்புகள் பதினொன்று. நீளமான தலைமுடி ஒன்று. எறும்பு ஒன்று.

"எறும்பு எப்படி சார் உள்ள போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"அது போகல. நீங்க மேல மூடிட்டீங்க."

சிங்கப்பூரில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அந்த பிலிமைக் கொண்டு வந்து கொடுத்தாராம். நாலடி அகலம், ஐந்தடி நீளம். "இது ஒட்டினா பெயிண்ட்ல கீறலே விழாதாம் சார். ஒட்டினதே கண்ணுக்குத் தெரியாதாம்."

"இப்ப தெருமுனையிலேருந்தே தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. எப்படி ஒட்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சோப்புத் தண்ணீர் கலந்திருக்கிறார், அது சரி. அடி ஸ்கேலில் கைக்குட்டை சுற்றித் தண்ணீரைத் தள்ளியிருக்கிறார், அதுவும் மோசமில்லை. ஆனால் ஒட்ட ஆரம்பித்த நேரம்தான் கெடுத்துவிட்டது. புது வண்டிக்குச் செய்கிற காரியம் என்று அவருடைய அம்மா தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்திருக்கிறார். புதன்கிழமை, பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை கௌரி நல்ல நேரம். பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துவிடும். ஆகவே காலையிலிருந்து வெயிலில் நின்ற வண்டியில், பானெட் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று அம்மாவும் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். சூட்டில் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டது. நகர்த்த முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. அம்மா உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "சீக்கிரம்டா, இன்னும் எட்டு நிமிஷந்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"சரி விடுங்க. உங்க வண்டிதானே, பொறுமையா எடுத்துடலாம்" என்றேன்.

"என் வண்டி இல்ல சார். மாமா வண்டி."

மாமா என்றால் அவருடைய அக்காவின் கணவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய பதவி. மூன்று வாரப் பயிற்சிக்கு டெல்லி போயிருந்தார். குரோம்பேட்டையில் அவர்களுடைய பிளாட்டில் வண்டி நிறுத்த இடம் சரியில்லை என்று சொல்லி, காரை பீர்க்கன்கரணையில் மாமியார் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய், வேறு எதுவும் செய்யாதே என்று பார்த்திபனிடம் சொல்லியிருக்கிறார்.

"வேற எதுவும் செய்யாதேன்னே சொன்னாரா?"

"ரெண்டு தடவ சொன்னாரு சார்."

"அப்புறம் ஏன்?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். சேலையூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எஸ்தர் என்ற பெண்ணை அவர் திருமணம் செய்துகொள்ள நினைக்கிறார். பழகி இரண்டு வருடம் மூன்று மாதம். பெண் வீட்டில் ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் பையனின் அம்மா மனப்பூர்வமாகச் சம்மதிக்காமல் செய்ய மாட்டோம் என்கிறார்கள். அம்மாவோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார்.

"எங்கம்மா யார் பேச்சும் கேக்க மாட்டாங்க சார். மாப்பிள்ளை பேச்ச மட்டும் கேப்பாங்க. சனிக்கிழம டெல்லிலேருந்து வந்துடுவாரு. ஞாயித்துக்கிழம வண்டி எடுக்க வரும்போது பேசறேன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. அவரு மனசு குளிர ஏதாவது செய்யலாமேன்னுதான்..." என்று சொல்லி பானெட்டைக் காட்டினார். "இதப் பாத்தாருன்னா வீட்டுக்குள்ளயே வர மாட்டாரு. சாவிய வாங்கிக்கிட்டு அப்படியே போயிடுவாரு."

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். அந்தப் பிலிமை நான் அதற்கு முன் தொட்டதில்லை. எடுத்தும் பழக்கமில்லை. கண்ணாடி வேறு, பெயிண்ட் வேறு. கண்ணாடியில் பிளேடு போட்டுச் சுரண்டலாம், தப்பினால் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். இதெல்லாம் தெரிந்தும், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க" என்றேன். பலகையில் அப்படி எழுதி வைத்துக்கொண்டு, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, பானெட் ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் விட்டேன். டீக்கடை பாய்லரிலிருந்து வெந்நீர் வாங்கித் துண்டை நனைத்துப் பிழிந்து வைத்தேன். பக்கத்து போட்டோ ஸ்டூடியோவில் முடி உலர்த்தும் மெஷின் ஒன்று இருந்தது, அதையும் இரவல் வாங்கினேன். இடது மூலையில் குமிழிகள் குறைவு, ஐந்துதான். அங்கே ஆரம்பித்தேன். மேலே இழுக்காமல், பானெட்டோடு படிந்த மாதிரி, மெல்லப் பின்னால் மடித்து உரித்தேன். ஒரு சாண் தூரம் அழகாக வந்தது. பார்த்திபன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு சத்தம். காய்ந்த அப்பளத்தை நகத்தால் ஒடித்த மாதிரி, சின்னதாக. பிலிமின் அடியில் நீலநிறத்தில் ஒரு சில்லு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவு.

கையை எடுத்துவிட்டேன். பானெட்டில் அந்த இடம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பார்த்திபன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே ஷெட் போட்டு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஏழுமலை, காலையிலிருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், பீடியைப் போட்டுவிட்டு வந்தார். "இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தார். விரலை எச்சிலில் நனைத்து அந்த இடத்தைத் தேய்த்தார். பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் சுண்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் 'டங்' என்றது, இன்னொரு இடத்தில் 'தொப்' என்றது.

"சார், இது கம்பெனி பெயிண்ட் இல்ல. வண்டி எங்கியோ முட்டிகினு வந்துகீது. நசுங்கின எடத்துல பட்டி மாவு வெச்சி ரொப்பி, அதும்மேல அட்ச்சிகிறாங்க. ஓரத்துல பாரு, அடியில வேற நீலம் தெரியுது. அதான் ஒரிஜினலு. இத்த அட்ச்சவன் கைக்காரன்தான். ஆனா காய விடல. அவசரத்துல அட்ச்சிகிறான்."

"புது வண்டி அண்ணா. வாங்கி நாலு மாசந்தான் ஆகுது" என்றார் பார்த்திபன்.

"நாலு மாசத்துல முட்டக் கூடாதா? நாலு நிமிசம் போதுமே." ஏழுமலை நிமிர்ந்தார். "இன்னாத்துக்கு இப்டி ஒடிஞ்சி போய்க் குந்திகினு கீற? மேல கீறத ஃபுல்லா உரிச்சிப் போட்டு, நான் ஒரு கோட்டு அட்ச்சி வுட்டுர்றேன். நாளிக்கி சாய்ந்தரம் வண்டி ரெடி. உங்க மாமன் இல்ல, மாமனோட மாமன் வந்தாக்கூடத் தெரியாது."

பார்த்திபன் எழுந்து நின்றுவிட்டார். "செஞ்சிடலாம்ணா. சார், செஞ்சிடலாம் சார்."

எனக்கும் அதுதான் ஆசை. உண்மையைச் சொல்கிறேன். பெயிண்ட் என் கையில்தான் வந்திருக்கிறது. ஏழு மாதக் கடை. அந்த அதிகாரி நாலு பேரிடம் சொன்னால் போதும், தாம்பரத்தில் என்னிடம் ஒரு வண்டி வராது. ஏழுமலை சொன்னபடி செய்தால் எல்லோரும் தப்பித்துவிடலாம்.

மரத்திலிருந்து கடைவரை நடந்தேன், திரும்பி நடந்தேன். போக இருபது எட்டு, வர இருபது எட்டு. அந்த நாற்பது எட்டில் யோசித்தது இவ்வளவுதான். இந்த வண்டி நசுங்கியது மாமாவுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் விற்றவன் அவரை ஏமாற்றியிருக்கிறான். நாம் அதை மறைத்தால் அவனுக்குத் துணை போகிறோம். தெரியும் என்று வைத்துக்கொண்டால், தன் வண்டியில் எந்த இடத்தில் பட்டி இருக்கிறது என்று அவர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் மேலே அடித்தது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். இரண்டிலும் மறைத்தால் நமக்குத்தான் கேடு. இதை ஏதோ நேர்மை என்று நினைக்காதீர்கள். பயத்தில் போட்ட கணக்கு.

"வேணாம். இதுக்கு மேல நான் தொட மாட்டேன். ஏழுமலையும் தொட வேணாம். சனிக்கிழம மாமா வந்ததும் நேரா இங்க கூட்டிட்டு வாங்க. அவர் பாக்கட்டும். அப்புறம் அவர் சொல்றபடி செய்யலாம்."

பார்த்திபனின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ நான் செஞ்சதுக்கும் நீங்க செஞ்சதுக்கும் இன்னா சார் வித்தியாசம்? நான் ஒட்டிக் கெடுத்தேன், நீங்க உரிச்சிக் கெடுத்தீங்க. போர்டுல மட்டும் நிபுணர்னு போட்டுக்கிட்டு..."

ஏழுமலை, "தம்பி, அவுரு வயசுக்கு மரியாத குட்த்துப் பேசு" என்றார். ஆனால் பார்த்திபன் கேட்டதில் தவறில்லை. அவர் மறுபடி படியில் உட்கார்ந்தார். பிறகு குனிந்தபடியே கேட்டார்: "மாமா கத்தும்போது நீங்க பக்கத்துல நிப்பீங்களா சார்?"

"நிப்பேன்."

உரித்த பிலிமை அப்படியே தளர்வாக விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, வண்டியைக் கடை ஓரத்தில் நிறுத்தினோம். சனிக்கிழமை காலைவரை அந்தத் தார்ப்பாயைப் பதினான்கு முறை தூக்கிப் பார்த்தேன். நாணயம் அளவு இருந்த இடம் நாணயம் அளவாகவேதான் இருந்தது. என் மனைவி, "பாத்தா வளந்துடுமா, சுருங்கிடுமா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமா ஆறடி உயரம், அடர்ந்த மீசை, கையில் தோல்பை. பார்த்திபன் அவருக்கு ஒரு எட்டு பின்னால் வந்தார். வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வணக்கம். வண்டி இங்க எதுக்கு நிக்குது? இவன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

சொன்னபடி நான் பார்த்திபனின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வெயிலில் ஒட்டியதையும் நான் எடுக்க முயன்றதையும் சொல்லி, "பிலிமோட சேந்து இடது மூலையில கொஞ்சம் பெயிண்ட் வந்துடுச்சு சார். அது என் கையில நடந்தது. உங்ககிட்ட கேக்காம மேல எதுவும் செய்யல" என்றேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தார்ப்பாயைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் தோளில் கை போட்டு டீக்கடைப் பக்கமாக ஏழெட்டு எட்டு தள்ளிக்கொண்டு போனார்.

"சார்," குரலைத் தாழ்த்திக் கேட்டார், "பட்டி தெரியுதா?"

தார்ப்பாய் இன்னும் மூடியே இருந்தது. நான் பட்டி என்ற சொல்லையே சொல்லவில்லை.

"தெரியுது சார்."

"எவ்ளோ?"

"ஒரு ரூபா அளவு."

அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டி வாங்கிய ஒரே மாதத்தில், அவர்கள் பிளாட் வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் முட்டியிருக்கிறார். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டர். அப்போதே அவர் மனைவி, உங்களுக்கு ஓட்ட வராது, டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று மனைவி ஊரில் இல்லை. வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி, இரண்டே நாளில் தட்டிப் பட்டி போட்டு அடித்து வாங்கி வைத்துவிட்டார். டெல்லி போகும்போது வண்டியைப் பீர்க்கன்கரணையில் விட்டதும் இட வசதிக்காக இல்லை. தான் இல்லாத நேரத்தில் மனைவி பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

"மூணு வாரமா டெல்லில எனக்குத் தூக்கமே இல்ல சார். வெயில்ல பொரிஞ்சிடுமோ, வெடிச்சிடுமோன்னு. இப்ப உடைஞ்சதும்தான் நிம்மதியா இருக்கு." உண்மையிலேயே அவர் முகம் தெளிந்திருந்தது. பிறகு சொன்னார்: "பெயிண்ட் கம்பெனியிலேயே அப்படித்தான் வந்ததுன்னு அந்தப் பயகிட்ட நீங்க சொல்லிடுங்களேன்."

"பெயிண்டுக்கு அடியில பெயிண்ட் இருக்குன்னு அவரே பாத்துட்டாரு சார். நான் பாத்ததத்தான் சொல்ல முடியும். மத்தது உங்க குடும்ப விஷயம்."

கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "டேய், இங்க வா" என்று கூப்பிட்டார். பார்த்திபன் வந்தார். தண்ணீர் டிரம் கதையை மாமாவே சொன்னார். பார்த்திபன் முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. சிரித்தார், நிறுத்தினார், மறுபடி சிரித்தார்.

"சிரிக்காதடா. உங்கக்காகிட்ட ஒரு வார்த்த போச்சு, நாளைக்கு நான் உங்கம்மாகிட்ட பேச மாட்டேன்."

"நீங்க பேசல, அக்காகிட்ட ஒரு வார்த்த போகும் மாமா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொழைச்சுக்குவேடா நீ" என்றார் மாமா. எதிர் ஷெட்டிலிருந்து ஏழுமலை, "அப்போ வண்டிய வுடுங்க சார், இந்த வாட்டி நல்லா காய வெச்சி அஞ்சு நாள்ல தர்றேன்" என்று குரல் கொடுத்தார். வீட்டில் என்ன சொல்வது என்று மாமா யோசித்தார். சர்வீஸ் என்றே சொல்லிவிடுவதாக முடிவாயிற்று. பார்த்திபன் டீ வாங்கித் தந்தார். வியாழக்கிழமைக்கு அப்புறம் எனக்கு உள்ளே இறங்கிய முதல் டீ அதுதான்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன்பே பார்த்திபன் வந்து நின்றார். "அம்மா சரின்னுட்டாங்க சார். மாமா ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் பேசினாரு. எஸ்தர் மாதிரி பொண்ணு கிடைக்கறதுக்கு நாம குடுத்து வெச்சிருக்கணும்னாரு. அவர் அவள ஒரு தடவகூடப் பாத்ததில்ல சார்!"

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் ஒட்டிக் கெடுத்த வண்டியைத் தொடலாம். தொடுவதற்கு முன் நிழலில் நிறுத்தி, முழுவதும் ஆற விடுங்கள். எந்த நேரத்தில், எவ்வளவு சூட்டில் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். சுண்டிப் பாருங்கள். பெயிண்ட் கம்பெனியில் அடித்ததா, பிறகு அடித்ததா என்று கேளுங்கள். அதை வண்டியின் சொந்தக்காரரிடமே கேளுங்கள், கொண்டு வந்தவரிடம் இல்லை. யார் கண்ணிலும் படாத ஒரு ஓரத்தில் விரலகலம் உரித்துப் பார்த்துவிட்டு, முடியுமா முடியாதா என்று சொல்லுங்கள். தெரியாத பொருளாக இருந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். நிழலில் ஆற விட்டதையும் எப்படி ஒட்டினார் என்று கேட்டதையும் தவிர, இதில் ஒன்றைக்கூட நான் அன்று செய்யவில்லை. வீட்டில் ஒட்டியவர் நல்ல நேரம் போய்விடுமே என்று அவசரப்பட்டார். கடை வைத்திருந்த நான் பெயர் போய்விடுமே என்று அவசரப்பட்டேன். கை வைத்த பிறகு நான் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று, சத்தம் கேட்டதும் கையை எடுத்தது. அதைத்தான் நான் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

பார்த்திபன் கல்யாண வரவேற்பு ஆவணியில், குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போயிருந்தேன். எஸ்தரின் பக்கத்தில் பார்த்திபனின் அம்மா நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க மருமக டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் பாயசம் எடுத்து வந்தார்.

"பிலிம் ஒட்டற சார் நீங்கதானே? நான் பார்த்திபனோட அக்கா."

"ஆமாம்மா. வணக்கம்."

குனிந்து, இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இப்ப அடிச்ச நீலம் பரவாயில்ல சார். முன்னாடி அடிச்சது மட்டம். கதவு ஒரு நீலம், பானெட் ஒரு நீலம்."

நிமிர்ந்து பார்த்தேன். "உங்களுக்கு எப்படிம்மா...?"

"இருபது வருஷமா புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கறவ சார் நான். ஊர்லேருந்து வந்து எறங்கின அன்னிக்கே பாத்துட்டேன். தண்ணி டிரம்முலயும் நீலக் கறை இருந்துச்சு."

"அப்போ அவர்கிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

அவர் மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் கணவர், மாலையோடு நின்ற தம்பியின் தோளில் கை போட்டு எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா அன்னிக்கே சண்டையாப் போயி முடிஞ்சிருக்கும். அப்புறம் தம்பிக்குப் பயந்துக்கிட்டு எங்கம்மாகிட்ட யாரு சார் ஒரு மணி நேரம் பேசியிருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.